மூன்று எழுத்துச் சொல், 645 பொருள்!

காலை 11 மணி இருக்கும்.

அந்த அம்மாள் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

அம்மாள் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அவனுடைய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். சின்னச் சின்னச் சொற்களுக்குப் பொருளும் தெரியும்.

மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டினார்.

"யுவர் சன் இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர். ப்ளீஸ் கலெக்ட் ஹிம் சூன்."

"யுவர் சன்" என்றால் உங்கள் மகன். "ரன்னிங்" என்றால் ஓடுகிறான். இது இரண்டும் அவருக்குத் தெரிந்தது. "டெம்பரேச்சர்" என்பதுதான் தெரியவில்லை. ஏதோ ஓட்டப் பந்தயத்தின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "கலெக்ட்" என்றால் பணம் வசூலிப்பது அல்லவா? பரிசு கொடுப்பார்கள் போலிருக்கிறது!

அம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கணவருக்குப் போன் செய்து சொன்னார். அடுத்த வீட்டுக்காரரிடமும் சொன்னார். மாலை 4 மணிக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பையன் ஒரு பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தான். தொட்டுப் பார்த்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது!

"காலையிலேயே செய்தி அனுப்பினோமே அம்மா, பார்க்கவில்லையா?" என்று கேட்டார், ஆசிரியை.

அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார்?

டாக்டரிடம் ஓடினார். காய்ச்சல் 103 டிகிரி. நல்லவேளையாக மூன்று நாளில் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் தாயின் மனம் ஆறவில்லை.

"எல்லா எழுத்தையும் படிச்சேனே! படிச்சும் தெரியாமப் போச்சே!" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

யார் மீது தப்பு?

அவர் படித்தது தப்பு அல்ல. "ரன்" என்றால் ஓடு என்று அவர் தெரிந்து வைத்திருந்ததும் தப்பு அல்ல. ஆனால் "ரன்னிங் எ டெம்பரேச்சர்" என்று மூன்று சொற்களும் சேர்ந்து வந்தால், அங்கே ஓட்டமும் இல்லை, பந்தயமும் இல்லை. "காய்ச்சல் அடிக்கிறது" என்பதுதான் அதன் பொருள்.

தமிழில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தால் பையன் ஐந்து மணி நேரம் பெஞ்சில் கிடந்திருக்க வேண்டாம். பெற்றோருக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு ஒரு ஆறுதலும் சொல்லலாம். "காய்ச்சல் அடிக்கிறது" என்று நாம் சொல்கிறோமே, தமிழ் படிக்க வரும் ஒரு வெள்ளைக்காரர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? "யார் அடித்தது? யாரை அடித்தது?" என்று கேட்பார். அதோடு விட்டதா? வெயில் அடிக்கிறது. காற்று அடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். எதிர்பாராமல் பணம் வந்தால், "அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது" என்கிறோம். இத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அவர் தமிழ் கற்க வேண்டும்!

எந்த மொழியிலும் இப்படித்தான். பெரிய பெரிய சொற்கள் நம்மை ஏமாற்றுவது இல்லை. "டெம்பரேச்சர்" போன்ற சொல்லை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு வெப்பநிலை என்று பொருள். ஏமாற்றுவது எல்லாம் சின்னச் சொற்கள்தான். "தெரிந்த சொல்தானே" என்று நாம் கவலை இல்லாமல் இருக்கும்போது காலை வாரிவிடும்.

அப்படிப்பட்ட சொற்களில் "ரன்" என்பது முதல் வரிசையில் நிற்கிறது.

அகராதியையே திணற அடித்த சொல்

ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதி, இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டில் இருந்து வெளிவருகிறது. அதன் முதல் பகுதி 1884-ம் ஆண்டு வெளிவந்தது. முழு அகராதியும் முடிவதற்கு 1928-ம் ஆண்டு ஆகிவிட்டது. தலைமை ஆசிரியராக இருந்து அந்த வேலைக்கே தன் வாழ்நாளைக் கொடுத்த ஜேம்ஸ் மர்ரே, முடிவைப் பார்க்காமலே 1915-ல் இறந்து போனார்.

அதன் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அந்தப் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் "செட்" என்பதாகும். 400-க்கு மேற்பட்ட பொருள்கள் அதற்குக் கொடுக்கப்பட்டு இருந்தன.

பிறகு அகராதியைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. "ரன்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டார், பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர். அந்த ஒரு சொல்லை முடிக்க அவருக்கு 9 மாதம் பிடித்தது! வினைச்சொல்லாக வரும் "ரன்"னுக்கு மட்டும் 645 பொருள்கள் இருப்பது 2011-ல் வெளியே தெரிந்தது. "செட்" பின்னால் போய்விட்டது.

ஆங்கிலத்தில் எழுதினால் "ரன்" மூன்றே எழுத்து. அதற்கு 645 பொருள்!

எப்படி இத்தனை பொருள் வந்தது? எந்திரங்கள் வந்ததுதான் அதற்கு ஒரு பெரிய காரணம். மனிதனும், குதிரையும், ஆறும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் "ரன்"னுக்கு வேலை குறைவு. பிறகு நீராவி எந்திரம் வந்தது. ரெயில் வந்தது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் 1856-ல் சென்னை ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை ஓடியது. தொழிற்சாலைகள் ஓடின. மோட்டார் கார் ஓடியது. மின்சார விசிறி ஓடியது. இன்று கம்ப்யூட்டரில் "புரோகிராம் ரன் ஆகிறது" என்கிறார்கள். புதிதாக எது வந்தாலும், "ரன்" அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பாதி நமக்குத் தெரியும்

645 என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். அதில் பாதி நமக்கு முன்பே தெரியும். எப்படி?

நம்முடைய "ஓடு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் ஓடுகிறான். ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. மனதில் எண்ணங்கள் ஓடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் "ரன்" போடலாம்.

சினிமாப் படம் ஓடுகிறது. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்து 1944-ல் வெளிவந்த "ஹரிதாஸ்" படம் சென்னையில் மூன்று தீபாவளி கண்டது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். "எத்தனை நாள் ஓடியது?" என்று நாம் கேட்பது போலவே ஆங்கிலத்திலும் கேட்பார்கள்.

புதிய தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். ஆங்கிலத்தில் அது "டிரையல் ரன்". மெட்ரோ ரெயில் விடும்போது "சோதனை ஓட்டம்" என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதுவும் இதுதான்.

வயிற்றுப் போக்கை இலங்கைத் தமிழர்கள் "வயிற்றோட்டம்" என்பார்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் அதற்கு "ரன்ஸ்" என்றே பெயர்!

கண்ணும் ஓடும். ஒரு கடிதத்தைச் சட்டென்று பார்த்தால், அதன் மேல் கண்ணை ஓட்டினோம் என்கிறோம். ஆங்கிலத்திலும் அதே "ரன்"தான். ஆனால் வள்ளுவர் ஒரு படி மேலே போய்விட்டார். திருக்குறளில் 58-வது அதிகாரத்துக்குப் பெயர் "கண்ணோட்டம்". அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். பிறர் மேல் கண் ஓடினால் போதாது. மனமும் கூடவே ஓட வேண்டும். அந்தப் பொருள் ஆங்கில "ரன்"னுக்கு இல்லை.

ஓடுவதும், ஓட்டுவதும்

தமிழில் ஒரு வசதி உண்டு. தானாக ஓடினால் "ஓடு". இன்னொன்றை ஓட வைத்தால் "ஓட்டு". வண்டி ஓடுகிறது. டிரைவர் வண்டியை ஓட்டுகிறார். இலக்கண ஆசிரியர்கள் இதைத் தன்வினை, பிறவினை என்பார்கள்.

ஆங்கிலத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது. ஓடுவதற்கு ஒரு சொல்லும், ஓட வைப்பதற்கு இன்னொரு சொல்லும் இருந்தன. நாளடைவில் இரண்டும் ஒன்றாகக் கலந்து "ரன்" ஆகிவிட்டன.

அதனால் "த மெஷின் ரன்ஸ்" என்றால், எந்திரம் ஓடுகிறது. "ஷி ரன்ஸ் த மெஷின்" என்றால், அவள் எந்திரத்தை ஓட்டுகிறாள். சொல் ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஏதாவது பொருளின் பெயர் வந்தால் "ஓட்டு" என்றும், வராவிட்டால் "ஓடு" என்றும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"ஷி ரன்ஸ் எ ஷாப்" என்கிறார்கள். அவள் கடையை ஓட்டுகிறாளா? கடை நடத்துகிறாள். இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். "நடத்து" என்ற சொல் "நட" என்பதில் இருந்து வந்தது. நடக்க வைப்பதுதான் நடத்துவது. ஆங்கிலேயர் கடையை ஓட வைக்கிறார்கள். நாம் நடக்க வைக்கிறோம்! கடை நடத்துகிறோம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம். குடும்பம் நடத்துகிறோம். கஷ்டம் வந்தால் மட்டும், "ஏதோ குடும்பத்தை ஓட்டுகிறேன்" என்கிறோம்.

அமெரிக்காவில் ஓடுகிறார், இங்கே நிற்கிறார்

தேர்தல் வந்தால் நம் ஊரில் வேட்பாளர் "நிற்கிறார்". இங்கிலாந்திலும் அப்படியே. "ஸ்டேண்ட்" என்ற சொல்லைத்தான் அங்கே பயன்படுத்துவார்கள். அதற்கு நில் என்று பொருள்.

அமெரிக்காவில் மட்டும் வேட்பாளர் "ரன்" ஆகிறார். "ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்" என்று செய்தியில் படித்தால், ஜனாதிபதியைப் பார்க்க யாரோ ஓடுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடுகிறார் என்று பொருள்.

நின்றாலும், ஓடினாலும் கேட்பது ஓட்டுத்தான்!

குட்டிச் சொல்லைக் கவனியுங்கள்

"ரன்"னுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் உஷாராக இருக்க வேண்டும். பொருள் அடியோடு மாறிவிடும்.

"ரன் அவே" என்றால் ஓடிப்போ. வீட்டை விட்டுச் சொல்லாமல் போவதைக் குறிக்கும். தமிழில் "ஓடிப்போய்விட்டாள்" என்றால் ஊரே என்ன நினைக்குமோ, அதே பொருள் ஆங்கிலத்திலும் உண்டு.

"ரன் ஓவர்" என்றால் வண்டி ஏறிவிட்டது. விபத்துச் செய்திகளில் இதைப் பார்க்கலாம்.

"ரன் இன்டு" என்பதற்கு இரண்டு பொருள். "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஆசிரியர் மீது மோதவில்லை. வழியில் தற்செயலாகச் சந்தித்தார். ஆனால் "த லாரி ரேன் இன்டு எ ட்ரீ" என்றால், லாரி மரத்தில் மோதியதுதான்.

"ரன் டவுன்" என்றால் உடம்பு தளர்ந்து போவது. பேட்டரியில் சார்ஜ் குறைந்து போனாலும் இதைச் சொல்லலாம்.

"ரன் த்ரூ" என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது. "ரன் அப் எ பில்" என்றால் கடன் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. மளிகைக் கடை நோட்டை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

"ரன் அவுட்" என்றதும் சின்னப் பையன் கூட, "கிரிக்கெட்" என்பான். ஓடி முடிப்பதற்குள் ஸ்டம்ப் விழுந்துவிட்டால் ஆட்டக்காரர் ரன் அவுட். ஆனால் வெளியே அதற்கு வேறு பொருள். தீர்ந்துபோவது என்று அர்த்தம். அரிசி தீரலாம். பெட்ரோல் தீரலாம். பொறுமையும் தீரலாம். எல்லாம் "ரன் அவுட்"தான்.

(கிரிக்கெட்டில் இன்னொரு வேடிக்கை. பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், ஓடாமலே நாலு ரன்!)

உயிரும், பணமும் இருக்கும் இடங்கள்

சில இடங்களில் இந்தச் சொல் தெரியாவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். சில இடங்களில் அப்படி முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கலாம்: "டஸ் டயாபடீஸ் ரன் இன் த ஃபேமிலி?"

உங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் பரம்பரையாக உண்டா என்று கேட்கிறார். தாய்க்கோ, தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் கேட்கிறார். கேள்வி புரியாமல், "நோ, நோ" என்று தலை ஆட்டிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இங்கே "இன்" என்ற குட்டிச் சொல்லைக் கவனியுங்கள். "ரன் த ஃபேமிலி" என்றால் குடும்பம் நடத்துவது. "ரன் இன் த ஃபேமிலி" என்றால் பரம்பரையாக வருவது. ஒரு "இன்" செய்யும் வேலை!

"டோண்ட் லெட் த டேப்லெட்ஸ் ரன் அவுட்" என்று டாக்டர் சொன்னால், மாத்திரை தீர்ந்துபோக விடாதீர்கள், தீரும் முன்பே வாங்கி வையுங்கள் என்று அர்த்தம். இரத்தக் கொதிப்புக்கும், சர்க்கரை நோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

"நோஸ் இஸ் ரன்னிங்" என்றால் மூக்கு ஒழுகுகிறது.

பாங்கியில், "த லோன் ரன்ஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால், அந்தக் கடன் ஐந்து ஆண்டுக்கு உரியது. ஐந்து ஆண்டுக்கும் தவணை கட்ட வேண்டும். "இன்ஷூரன்ஸ் ஹேஸ் ரன் அவுட்" என்றால், இன்ஷூரன்சு காலம் முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் உடனே புதுப்பிக்க வேண்டும்.

புதுத் துணியில் சின்னதாக ஒரு சீட்டுத் தைத்திருக்கும். "கலர்ஸ் மே ரன்" என்று அதில் எழுதியிருந்தால், நிறம் எங்கேயும் ஓடப் போவதில்லை. சாயம் போகும் என்று பொருள். அதைப் படிக்காமல் பையனின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊற வைத்தால், மறுநாள் பையன் சிவப்புச் சட்டையோடு பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான்!

தூங்கும் இடத்துக்கு "ரன்னிங் ரூம்"

ரெயில்வேயில் "ரன்னிங் ரூம்" என்று ஒன்று உண்டு. ஈரோடு, ஜோலார்பேட்டை போன்ற பெரிய ஜங்ஷன்களில் அதைப் பார்க்கலாம். பெயரைக் கேட்டால் ஓடிப் பழகும் இடம் போல இருக்கும். உள்ளே போனால் எல்லோரும் படுத்துத் தூங்கிக்கொண்டு இருப்பார்கள்!

ரெயிலை ஓட்டி வருகிறவர்களும், கார்டுகளும் "ரன்னிங் ஸ்டாஃப்" என்று அழைக்கப்படுகிறார்கள். ஓடும் வண்டியில் வேலை செய்கிறவர்கள் என்று பொருள். வேலை முடிந்து வெளியூரில் இறங்கியதும் அவர்கள் ஓய்வு எடுக்கும் அறைதான் "ரன்னிங் ரூம்". அவர்கள் அங்கே நன்றாகத் தூங்கினால்தான், நாம் ரெயிலில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதே ரெயில் நிலையத்தில் ஒலிபெருக்கி, "ரன்னிங் லேட்" என்று அறிவிக்கும். "ரன்னிங்" என்ற சொல்லைக் கேட்டு, வண்டி வேகமாக வருகிறது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வண்டி தாமதமாக வருகிறது என்று பொருள். உட்கார்ந்து ஒரு காபி சாப்பிடலாம்.

ரன், ரேன், ரன்

காலம் காட்டுவதில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வழி உண்டு.

இன்று ஓடினால் "ரன்". நேற்று ஓடினால் "ரேன்". "ஓடி இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டுமானால் மறுபடியும் "ரன்". அதாவது, "ஐ ஹேவ் ரன்".

பல ஆங்கில வினைச்சொற்களுக்கு இறந்த காலத்தில் வால் ஒன்று முளைக்கும். "வாக்" என்பது "வாக்ட்" ஆகும். "பிளே" என்பது "பிளேட்" ஆகும். அந்தப் பழக்கத்தில் குழந்தைகள் "ரன்டு" என்று சொல்வது உண்டு. அது தவறு. ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளும் சின்ன வயதில் இதே தவறைச் செய்கிறார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தானாகத் திருந்திவிடுகிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளை தவறாகச் சொன்னால் தலையில் குட்டாதீர்கள். சரியான சொல்லை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அது போதும்.

"ரேன்" என்பதைத் "தேன்" போல உச்சரிக்கக் கூடாது. வாயை அகலமாகத் திறந்து, "பேங்க்" என்று சொல்கிறோமே, அந்த ஓசையில் சொல்ல வேண்டும்.

கற்பது எப்படி?

645 பொருளையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. ஆங்கிலேயருக்கே அத்தனையும் தெரியாது. செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

முதலாவது, ஓடுவது எது என்று பாருங்கள். ஓடுவது மனிதனா, நீரா, எந்திரமா, கடையா, காலமா? அது தெரிந்தால் பாதிப் பொருள் விளங்கிவிடும். "ஓடு" என்று தமிழில் படித்தால் கூட, அது கூரை ஓடா, முட்டை ஓடா, ஓடச் சொல்கிறார்களா என்று நாம் குழம்புவது இல்லையே! பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள்.

இரண்டாவது, முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் சொல்லை விட்டுவிடாதீர்கள். "அவுட்" வந்தால் ஒரு பொருள், "ஓவர்" வந்தால் ஒரு பொருள். தனிச் சொல்லாகப் படிக்காமல், முழு வாக்கியமாகப் படியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒரு பக்கம் ஆங்கில வாக்கியம், மறுபக்கம் தமிழ் என்று நாளுக்கு ஒன்று எழுதினால் போதும். ஒரு ஆண்டில் 365 வாக்கியம் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. டாக்டரிடம், "தமிழில் சொல்லுங்கள் அய்யா" என்று கேட்கலாம். பாங்கியில் கையெழுத்துப் போடும் முன்பு, "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம். "இங்கிலீஷ் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ?" என்று தயங்கிச் சும்மா இருந்தால்தான் ஆபத்து.

அந்த அம்மாளும் அன்று ஆசிரியைக்கு ஒரு போன் செய்து கேட்டிருந்தால், அவ்வளவு துயரம் வந்திருக்காது. இப்போது அவர் கேட்கத் தயங்குவது இல்லை. தையல் எந்திரத்தின் இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் முதல் பக்கத்தில், முதல் வரியாக அவர் எழுதி வைத்திருப்பது என்ன தெரியுமா?

"ரன்னிங் எ டெம்பரேச்சர் - காய்ச்சல். உடனே போக வேண்டும்."

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் மாலை தெருமுனையில் தாய்மார்கள் நாலைந்து பேர் பள்ளிக்கூட வேனுக்காகக் காத்திருந்தார்கள். நேரம் ஆகியும் வேன் வரவில்லை. எல்லோருடைய செல்போனும் ஒலித்தது.

"ஸ்கூல் வேன் இஸ் ரன்னிங் லேட்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "என்னவோ ரன்னிங்னு போட்டிருக்கு. பிள்ளைங்க எங்கேயாவது ஓடிட்டாங்களா?" என்று ஒரு பெண் பதறினாள்.

நம் தையல்கார அம்மாள் செய்தியை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு திண்ணையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணும் இல்லே. வேன் லேட்டா வருதாம். எல்லாரும் இப்படி உட்காருங்க" என்றார்.